வாட்டர் சர்வீஸுக்கு வண்டி வரத்து குறைந்தால் என்ன செய்வது? குமரி மாவட்டக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தக்கலை பக்கம் வாட்டர் சர்வீஸ் (வண்டி கழுவும்) கடை நடத்துகிறேன். மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல், நாகர்கோவில் என்று பல ஊரிலிருந்தும் இதே தொழில் செய்கிறவர்கள் போனில் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருக்கின்றன. பதிலில் வரும் ரூபாய்க் கணக்கெல்லாம் புரிவதற்காகப் போட்டது, உங்கள் கடைக்கு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி குறைவது எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

இரண்டும் இருக்கலாம், அதைப் பிரித்துப் பார்க்காமல் வைத்தியம் பார்க்கக் கூடாது. நம் மாவட்டத்தில் கையில் பைசா புழங்குவது ரப்பரையும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணத்தையும், கடலையும், கட்டட வேலையையும் நம்பித்தான். இதில் ஒன்று படுத்தாலும் வீட்டில் முதலில் தள்ளிப்போடுகிற செலவு கார் கழுவுவது. யாரும் ஒரேயடியாக நிறுத்துவதில்லை, மாதம் ஒருமுறை வந்தவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆக்கிக்கொள்கிறார், அவ்வளவுதான்.

கடை நோட்டில் வண்டி நம்பர் எழுதும் பழக்கம் இருந்தால் போன வருடத்து நோட்டையும் இந்த வருடத்து நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே நம்பர்கள் வருகின்றன, இடைவெளிதான் கூடியிருக்கிறது என்றால் அது ஊருக்கே உள்ள பைசாத் தட்டுப்பாடு. நம்பர்களே காணாமல் போயிருந்தால் அவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள், அதற்குக் காரணம் உங்கள் ஷெட்டுக்குள்தான் இருக்கும். நோட்டு இல்லாதவர்கள் இன்றைக்கே தொடங்குங்கள். தேதி, நம்பர், என்ன வேலை, வாங்கிய தொகை, போன் நம்பர் போதும்.

பக்கத்துக் கடையில் 350 ரூபாய்க்குப் போடுகிறார்கள். நானும் குறைக்கட்டுமா அண்ணா?

வேண்டாம். அதிகம் வரும் கேள்வி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் ஒரு காருக்கு 500 வாங்குகிறீர்கள், அந்தக் கார் வந்ததால் மட்டும் ஆகும் செலவு (ஆள் கூலி, ஷாம்பு, பாலிஷ், தண்ணீர், கரண்ட்) 200 என்று வைப்போம். கையில் நிற்பது 300. நாளுக்கு 8 கார் என்றால் 2,400. இந்தப் பணத்திலிருந்துதான் வாடகை, லோன், வீட்டுச் செலவு எல்லாம் போக வேண்டும். இப்போது 400 ஆக்கினால் கையில் நிற்பது 200, அதே 2,400 வர 12 கார் வேண்டும். 350 ஆக்கினால் 150தான் நிற்கும், 16 கார் வேண்டும். வரத்து குறைந்த காலத்தில் இருமடங்கு கார் எங்கிருந்து வரும்? வந்தாலும் அத்தனையையும் கழுவ ஆளும் வெளிச்சமும் வேண்டாமா?

விலையைக் குறைத்தால் புதிதாக வருகிறவர் விலைக்காக வந்தவர். அடுத்த கடையில் 20 ரூபாய் குறைந்தால் அங்கே போய்விடுவார். பழைய ஆட்களோ, 500 கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், இத்தனை நாள் நம்மிடம் கூடுதல் வாங்கியிருக்கிறான் என்று நினைப்பார்கள். இந்தப் பக்கத்தில் திரும்பத் திரும்ப நான் சொல்லப்போவது ஒன்றுதான்: விலையைத் தொடாதீர்கள், ஒரு வண்டி திரும்ப வரும் இடைவெளியைக் குறைக்கப் பாருங்கள், மற்ற கடைகள் செய்யாத வேலையை விற்கப் பாருங்கள்.

இடைவெளியை எப்படிக் குறைப்பது? மாதக் கார்டு போடலாமா?

"10 வாஷ் எடுத்தால் 2 இலவசம்" என்று கார்டு அடிப்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. பத்து வாஷுக்கான பணத்தை முன்கூட்டிக் கொடுக்க இன்றைக்கு யாரும் தயாராக இல்லை, கொடுத்தாலும் அது நம் கையில் செலவாகிவிடும், அப்புறம் ஆறு மாதம் சும்மா கழுவுவதுபோல இருக்கும்.

எனக்குச் சரியாகப்பட்டது வேறு. முழு சர்வீஸ் செய்த வண்டி 20 நாளுக்குள் திரும்ப வந்தால் வெளிப்புற வாஷ் மட்டும் 200 அல்லது 250க்கு. உள்ளே வாக்யூம் இல்லை, லிஃப்டில் ஏற்றுவதில்லை, 15 நிமிடத்தில் அனுப்பிவிடலாம். அழுக்கு ஊறாத வண்டி என்பதால் ஷாம்பும் குறைவு. இது விலைக் குறைப்பு மாதிரித் தெரியும், ஆனால் வேலையும் அதற்கேற்பக் குறைவு, கையில் நிற்கும் பணம் மோசமில்லை. பதினைந்தாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி அனுப்புங்கள், "சார், உங்க வண்டிக்கு 250 ரூபா வாஷ் அஞ்சு நாள்ல முடியுது" என்று. குட் மார்னிங் படமெல்லாம் அனுப்பினால் பிளாக் செய்துவிடுவார்கள்.

ஒரு காருக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஷாம்பு கேனில் திறந்த தேதியை மார்க்கரில் எழுதுங்கள். தீர்ந்த அன்றைக்கு நோட்டைப் பார்த்து எத்தனை வண்டி ஓடியது என்று வகுத்துவிடுங்கள். பெரும்பாலான கடையில் ஃபோம் டேங்கில் பையன் கண்ணளவில்தான் ஊற்றுகிறான், நுரை நிறைய வந்தால் வாடிக்கையாளர் சந்தோஷப்படுவார் என்று. ஒரு அளவு கப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலே கேன் கூடுதல் நாள் ஓடும்.

தண்ணீருக்கு, பம்பில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று இருக்கும். 20 லிட்டர் பம்பில் ஆறு நிமிடம் தண்ணீர் பீய்ச்சும் கன்னை அழுத்தினால் 120 லிட்டர். கரண்ட்டில்தான் பலரும் ஏமாறுவது. 3 எச்பி மோட்டார் ஆறு நிமிடம் ஓடினால் சுமார் கால் யூனிட்தான். அப்புறம் பில் ஏன் அவ்வளவு வருகிறது என்றால், காற்று அடிக்கும் கம்ப்ரசர். ராத்திரி அதன் காற்று டேங்கை நிரப்பி, சுவிட்சை ஆஃப் செய்து, கேஜில் முள் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துவிட்டுப் போங்கள். காலையில் முள் பாதிக்கு இறங்கியிருந்தால், பகல் முழுக்க அந்தக் கசிவுக்காகவே கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடுகிறது என்று அர்த்தம். சோப்புத் தண்ணீரை ஹோஸ் மூட்டுகளில் தடவினால் எங்கே குமிழ் வருகிறது என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, கமர்ஷியல் இணைப்பில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் உண்டு. முன்பு இரண்டு லிஃப்ட், பெரிய மோட்டார் என்று லோடு வாங்கியவர்கள், இப்போது பாதிதான் ஓடுகிறது என்றால் மின்வாரியத்தில் லோடைக் குறைக்க விண்ணப்பிக்கலாம்.

ஜூன் வந்தால் மழை, அக்டோபரில் இன்னொரு மழை. அந்த மாதங்களில் கடையைத் திறப்பதே வீண் இல்லையா?

தமிழ்நாட்டில் இரண்டு பருவமழையும் நன்றாகக் கிடைக்கும் மாவட்டம் நம்முடையது, அதனால் இந்தப் புலம்பலும் நமக்கு இருமடங்கு. மழையில் வெளியே கழுவ யாரும் வரமாட்டார்கள், சரி. ஆனால் வண்டிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள். நனைந்த குடை, ஈரக் காலோடு ஏறிய பிள்ளைகள், மிதியடிக்குக் கீழே ஊறிப்போன கார்ப்பெட். ஒரு வாரம் கண்ணாடி ஏற்றிப் போட்டிருந்தால் சீட் பெல்ட்டிலும் ஸ்டியரிங்கிலும் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிடும், ஏசி போட்டால் நாற்றம். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட்டை டிக்கியில் போட்டுக் கொண்டுபோகிற வண்டிகளைக் கேட்கவே வேண்டாம், அந்த வாடை லேசில் போகாது.

மழை மாதத்தில் போர்டை மாற்றுங்கள். வாட்டர் வாஷ் என்று எழுதிய இடத்தில் "பூஞ்சை, நாற்றம் நீக்கித் தரப்படும்" என்று எழுதுங்கள். சீட்டைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி, ஈரம் உறிஞ்சும் வாக்யூமில் இழுத்து, புளோயர் வைத்துக் காயவைத்து, ஏசி ஃபில்டரைத் தட்டிப் போட்டுத் தர ஒரு வண்டிக்கு அரை நாள் ஆகும். அதற்கு வாஷைப் போல மூன்று நான்கு மடங்கு வாங்கலாம், கொடுப்பார்கள், ஏனென்றால் இதை வீட்டில் செய்ய முடியாது. ஒரு நிபந்தனை, முழுக்கக் காயாமல் வண்டியைக் கொடுக்காதீர்கள். ஈரத்தோடு போனால் நாலாம் நாள் நாற்றம் இருமடங்காகத் திரும்பி வரும், கூடவே உரிமையாளரும் வருவார்.

கடற்கரை ஊர்க் கடைகளுக்கு ஏதாவது தனியாக உண்டா?

உண்டு, உப்பு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், சின்னமுட்டம் பக்கத்து வண்டிகளில் பெயின்ட் பளபளப்பாக இருக்கும்போதே அடியில் துரு ஏறிக்கொண்டிருக்கும். மீன் வண்டியானால் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் சேஸிஸ் முழுக்க வடியும். இந்த வண்டிகளுக்கு நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவுவது அலங்காரமில்லை, வண்டி எத்தனை வருடம் ஓடும் என்பதே அதில்தான் இருக்கிறது. லிஃப்டில் ஏற்றி, உரிமையாளரையும் கீழே அழைத்து, சைலென்சர் கிளாம்பையும் டோர் அடியையும் டார்ச் அடித்துக் காட்டுங்கள். பேச்சே வேண்டாம்.

உங்கள் போர் தண்ணீரே உப்பு என்றால் கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வையுங்கள். ஷெட் கூரையில் விழும் மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்தால் அதைவிட நல்ல அலசல் தண்ணீர் கிடையாது, காய்ந்தபின் வெள்ளைப் புள்ளி விழாது.

பழைய வழக்கமாக அடியில் டீசல் அடித்துக் கொடுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அன்றைக்குக் கருகருவென்று அழகாகத்தான் இருக்கும், ஆனால் டீசல் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுக்கும், மண்ணையும் ஒட்டவைக்கும். வேண்டாம்.

மீன்பிடித் தடைக்காலத்தையும் கணக்கில் வையுங்கள். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வண்டிகளை நம்பியிருக்கும் கடை அந்த இரண்டு மாதத்துக்கு வேறு வழி பார்த்து வைத்திருக்க வேண்டும். வண்டி சும்மா நிற்கும் காலம் என்பதால் துரு தடுப்புப் பூச்சு வேலையை அப்போது பேசி வைக்கலாம், பணம் மட்டும் சீசன் தொடங்கியபின் கேளுங்கள்.

எந்த மாதங்களில் கைகொடுக்கும்?

ஆயுத பூஜைக்கு முந்தின இரண்டு நாள் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பூஜைக்கு மறுநாளை யாரும் பார்ப்பதில்லை. பானெட்டில் வைத்த குங்குமமும் சந்தனமும் மழையில் வழிந்து, வெள்ளை வண்டியில் சிவப்புக் கறையாக உட்கார்ந்திருக்கும். கல்யாண வண்டியும் அப்படித்தான், தோவாளைப் பூவெல்லாம் வாடிக் கொட்டியபின் டேப் பசை மட்டும் நாலு கதவிலும் நிற்கும். பையன்கள் பிளேடு எடுத்துச் சுரண்டிப் பெயின்ட்டையும் எடுத்துவிடுகிறார்கள். பசை நீக்கும் ஸ்ப்ரே அடித்து, ஊறவிட்டு, மைக்ரோஃபைபர் துணியில் துடைத்தால் போகும். பூ அலங்காரம் செய்கிறவர்களிடம் சொல்லி வையுங்கள், முந்தின நாள் வாஷும் மறுநாள் பசை எடுப்பதும் சேர்த்து ஒரே விலை.

கார்த்திகை பிறந்து தை முதல் வாரம் வரை சபரிமலை சீசன். அந்தப் பக்கம் போய்விட்டுக் கன்னியாகுமரிக்கு வரும் வேன்கள் ஏராளம். ஆட்கள் சூரிய உதயம் பார்க்கவும் படகு வரிசையில் நிற்கவும் போய்விடுவார்கள், டிரைவர் மூன்று நான்கு மணி நேரம் வண்டியோடு சும்மா இருப்பார். கொட்டாரம், சுசீந்திரம் பக்கம் கடை இருந்தால் அந்த இரண்டு மாதம் மட்டும் அதிகாலை நாலு மணிக்குத் திறந்து பாருங்கள். டிரைவர் குளிக்க ஒரு பாத்ரூமும் ஒரு சாயாவும் கொடுத்தால் அடுத்த வருடமும் அதே டிரைவர் வருவார், தன் கூட்டாளிகளையும் கூட்டிக்கொண்டு வருவார். டிசம்பரில் கோட்டாறு சவேரியார் திருவிழா, கிறிஸ்துமஸ், ஊருக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் என்று சொந்தக் கார்களும் வரும். வருடத்தின் லாபம் இந்த மாதங்களில்தான் வருகிறது, அதை மார்ச்சிலேயே செலவழித்துவிட்டு ஜூனில் கடன் தேடக் கூடாது.

டாக்ஸி, பள்ளி வேன், பழைய கார் விற்கும் கடை. மொத்தமாக எடுக்கலாமா?

எடுங்கள், ஆனால் கடனை எண்ணிக்கொண்டு எடுங்கள். மாதம் 40 வண்டி தருகிறேன் என்பார், மூன்று மாதம் பில்லை இழுப்பார். உத்யம் (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) பதிவு செய்துகொள்ளுங்கள், ஆன்லைனில் இலவசம், இடையில் யாரும் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். 2006 ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லையென்றால் 15 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், கெடு தாண்டியும் வருட முடிவுவரை கொடுக்காமல் வைத்திருக்கும் தொகையை அந்த வருடத்துச் செலவாக வருமான வரியில் காட்டவும் அவர்களால் முடியாது. இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம், பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்தால் போதும், அவர்கள் ஆடிட்டரே சொல்லிவிடுவார்.

பள்ளி வேனுக்கு சனிக்கிழமை மத்தியானம் என்று நேரம் ஒதுக்காதீர்கள், அது சொந்தக் கார் வரும் நேரம். செவ்வாய், புதன் கொடுங்கள். வெறும் நேரத்தை நிரப்பத்தான் மொத்த வேலை.

டெம்போக்காரர்கள் சானல் (பாசனக் கால்வாய்) கரையிலேயே கழுவிக்கொள்கிறார்களே?

கழுவத்தான் செய்வார்கள். பேச்சிப்பாறை அணை திறந்து சானலில் தண்ணீர் ஓடும் ஜூன் முதல் பிப்ரவரி வரை அந்த வாடிக்கையைத் துரத்த வேண்டாம். எண்ணெயும் கிரீஸும் வயல் தண்ணீரில் போவது தப்புதான், அதற்காக அவர் நம் கடைக்கு வந்துவிடப் போவதில்லை. தண்ணீர் அடைத்தபின் மார்ச்சில் வருவார், அப்போது பாருங்கள். இதில் நமக்கும் ஒரு பாடம், நம் கழிவுத் தண்ணீரும் எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகப் போக வேண்டும். சானலில் நேரே விட்டால் பக்கத்து வயல்காரர் புகார் ஒன்றே கடையை மூடப் போதும்.

ஆளைக் குறைக்கட்டுமா?

இரண்டு பேரில் ஒருவரைக் குறைப்பதென்றால், வேகமாகக் கழுவுகிறவரை விடவும் உள்வேலை சுத்தமாகச் செய்கிறவரை வைத்துக்கொள்ளுங்கள். கன் பிடிக்க நீங்களே நிற்கலாம். முழு நாள் சம்பளம் கட்டாது என்றால் ஒரு குறைந்தபட்சத் தொகையும் அதற்கு மேல் வண்டிக்கு இவ்வளவு என்றும் பேசலாம். வெறும் வண்டிக் கணக்கு மட்டும் வைத்தால் வேலையை அள்ளித் தெளித்துவிடுவார்கள், மழை நாளில் வீட்டில் அடுப்பு எரியாது, மறுவாரம் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள்.

செராமிக் கோட்டிங் (பெயின்ட் மேல் போடும் பாதுகாப்புப் பூச்சு) மெஷினரி வைத்தால் தூக்கிவிடலாம் என்கிறார்கள். லோன் எடுக்கலாமா?

அந்த வேலைக்குத் தூசி வராத மூடிய அறையும், நல்ல வெளிச்சமும், கை தேர்ந்த ஆளும் வேண்டும். ரோட்டோர ஷெட்டில் ஆகாது. வாஷுக்கே யோசிக்கிறவர் பல ஆயிரம் ரூபாய்க்கு யோசிக்க மாட்டாரா? வரத்து இறங்கும் நேரத்தில் இதற்குக் கடன் வாங்கச் சொல்ல மாட்டேன். ஈரம் உறிஞ்சும் வாக்யூம், புளோயர் மாதிரிச் சின்னச் சாமானுக்கு மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு கடன் 50,000 வரை உண்டு, பிணை கேட்கக் கூடாது. அதற்கு மேல் கிசோர் 5 லட்சம் வரை. சிட்டி (சீட்டு) போட்டிருந்தால் அதைப் பிடிப்பதும் சரிதான், ஆனால் பெரிய தொகை தள்ளி ஏலத்தில் பிடித்து வட்டிக்காரனுக்குக் கொடுப்பதற்காக வேண்டாம்.

ஜிஎஸ்டி?

வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவு கட்டாயமில்லை. நாளுக்கு 10 கார், 500 ரூபாய், மாதம் 26 நாள் என்றால் வருடம் 15 லட்சத்து 60 ஆயிரம். பெர்ஃப்யூம், மேட் விற்பதும் அந்தக் கணக்கில் சேரும். மொத்த வாடிக்கைக்காரர் ஜிஎஸ்டி பில் கேட்டால் மட்டும் ஆடிட்டரிடம் பேசுங்கள்.

வாடகை கட்ட முடியவில்லை. எப்போது மூடுவது?

முதலில் இடத்துக்காரரிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். மழை மாதங்களுக்குக் குறைத்து, டிசம்பர், ஜனவரியில் கூட்டித் தருகிறேன் என்று கேட்டால் ஒத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், காலி இடத்துக்கு உடனே ஆள் கிடைக்காது என்பது அவர்களுக்கும் தெரியும். ஷெட்டின் முன்பகுதியைப் பஞ்சர் கடைக்கோ சாயாக்கடைக்கோ உள்வாடகைக்கு விடுவதானால் அவரிடம் எழுதி வாங்கிவிட்டுச் செய்யுங்கள்.

மூடுவது பற்றி: மழை மாதத்தில் நஷ்டம் வந்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள். டிசம்பரிலும் ஜனவரியிலும் வாடகை, கரண்ட், கூலி போக உங்கள் உழைப்புக்கு ஒரு தினக்கூலிகூட மிஞ்சவில்லை என்றால் அது மூட வேண்டிய கடை. பம்பும் கம்ப்ரசரும் வாக்யூமும் நல்ல விலைக்குப் போகும், வாங்க ஆள் உண்டு. லிஃப்டைக் கழற்றி ஏற்றும் செலவே பெரிது, அதனால் அதை இடத்தோடு சேர்த்து அடுத்து வருகிறவரிடம் பேசுவதுதான் லாபம். மின் இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால் பெயர் மாற்றாமல் சாவியைக் கொடுக்காதீர்கள், டெபாசிட் பணமும் அதில் கிடக்கிறது.